துச்சிலும் புக்கிலும்: வாடகைக் குடியைப் பற்றிய சொல்லும் சட்டமும்

தமிழில் வீட்டைக் குறிக்கும் சொற்கள் பல. இல், மனை, அகம், உறையுள், குரம்பை, குடில், மாடம் என அவற்றை அடுக்கிக்கொண்டே செல்லலாம். பிறர் வீட்டில் பணங் கொடுத்து வாழ்வானைக் குறிக்கும் சொல்லைத் தேடப் புகின், அவ்வளம் சட்டென வற்றிவிடக் காண்கிறோம். இன்று அரசு ஆவணங்களில் வழங்கும் 'வாடகைதாரர்' என்பது, வடமொழி வழி வந்த 'வாடகை'யோடு பாரசீக விகுதியாகிய 'தார்' சேர்ந்து, அதன்மேல் தமிழ் விகுதியும் ஏறி அமைந்த சொல். முந்தைய தலைமுறையில் பெருவழக்காக இருந்த 'குடிக்கூலி' என்பதோ, கொடுக்கப்படும் பணத்தைக் குறிக்குமேயன்றிக் கொடுப்பவனைக் குறிக்காது.

இக்குறை சொல்லளவில் நிற்பதன்று என்பது எம் கருத்து. வாடகைக்கு இருப்பவனை நம் இலக்கியம் எவ்வாறு கண்டது, நம் சட்டம் எவ்வாறு காண்கிறது என்னும் இரண்டையும் ஒருங்கு வைத்து, கிருட்டினகிரி மாவட்டத்து ஓசூர் எல்லைப் பகுதியை நிலைக்களனாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். தமிழ்த்துறை இதழில் வாடகைச் சட்டத்திற்கு என்ன வேலை என்று வினவுவாரும் இருக்கலாம். சட்டமும் ஒரு நூலே. அதற்கும் சூத்திரமும் உரையும் உண்டு. வினைமுதல் யார், வினையின் பயன் யார்மேற் செல்கிறது என்னும் வினாக்கள் சேனாவரையருக்கு மட்டும் உரியன அல்ல.

திருக்குறள் நிலையாமை அதிகாரத்தின் ஈற்றுப் பாட்டு (340) உடம்பினுள் தங்கிய உயிரைப் பேசுவது. அங்கே வள்ளுவர் இரண்டு சொற்களை எதிரெதிர் நிறுத்துகிறார். 'புக்கில்' என்பது புகுந்தபின் தனதாக நிலைபெறும் இல்லம். 'துச்சில்' என்பது பிறரிடத்தில் ஒதுங்கியிருக்கும் இடம். துச்சிலிலேயே இருந்துவரும் உயிருக்கு இதுகாறும் புக்கில் வாய்க்கவில்லை போலும் என்பது பாட்டின் கருத்து. உரைகள் உயிரின் நிலையாமையை விளக்குவதிற் கருத்தூன்றுகின்றன, அது முறையே. யாம் ஈண்டு நோக்க விழைவது உவமையாக வந்த பொருளை. நிலையாமை போன்றதோர் அரிய கருத்தைக் கேட்போர் உள்ளத்திற் பதிக்க விரும்பும் ஆசிரியர், அவர்கள் முன்னரே நன்கறிந்த துன்பத்தையே உவமையாக எடுப்பார். ஆகவே, ஒதுக்குக் குடியின் அவலம் வள்ளுவர் காலத்து மக்களுக்குப் புதிதாக இருந்திருக்க முடியாது என்று கொள்ளலாம்.

இதே அதிகாரத்தில் இரண்டு பாட்டு முன்னர்க் குடம்பையை விட்டுப் பறந்த புள் வருகிறது. குடம்பைக்குக் கூடு என்று பொருள் கொள்வதைப் பரிமேலழகர் மறுத்து, முட்டை என்றே கொண்டார். கூடாயின் பறவை மீண்டும் அதனுட் புகும் என்பது அவர் காட்டும் காரணங்களுள் ஒன்று. மீண்டு புகும் உரிமையே ஓர் இடத்தைக் கூடாக்குகிறது என்னும் நுட்பம் இம்மறுப்பினுள் அடங்கியுள்ளது. இரவுப் பணி முடிந்து திரும்பும்போது பூட்டு மாற்றப்பட்டிருக்குமோ என அஞ்சும் ஒருவனுக்கு இந்நுட்பம் உரையின் துணையின்றியே விளங்கும்.

அடுத்துச் சிலப்பதிகாரத்திற்கு வருவோம். பிழைப்புத் தேடிப் பெருநகர் வந்த இளந்தம்பதியர் தங்க இடமின்றி நிற்கும் காட்சி அடைக்கலக் காதையில் உளது. கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும்போது கூறும் முதற் செய்தியைப் பெரும்பாலோர் விரைந்து கடந்துவிடுகின்றனர். இவள் கணவனின் தந்தை இன்னார் எனக் கேட்டறிந்தால், மதுரையில் உள்ள அவன் குலத்தார் கிடைத்தற்கரிய பொருளைப் பெற்றவர்போல் எதிர்கொண்டு, காவலுள்ள தம் மனையில் வைத்துக்கொள்வர் என்பதே அச்செய்தி. அஃதாவது, குலம் தெரிந்தால் வீடு கிடைக்கும். தெரியும் வரையில் மாதரியின் இல்லமே புகல். வீடு தேடி வருவோனை நோக்கி இன்றும் நம் தெருக்களில் எழும் முதல் வினா, "எந்த ஊர், என்ன ஆட்கள்?" என்பதன்றோ? வாடகை எவ்வளவு தருவாய் என்பது அதன் பின்னரே வரும். இவ்வினாவின் தொன்மையை இளங்கோவடிகள் ஒரு துறவியின் வாய்மொழியில், கடியாமலும் புகழாமலும், பதிவு செய்து வைத்துள்ளார்.

மாதரி குலம் பார்க்கவில்லை; கூலியும் கேட்கவில்லை. செம்மண் பூசிய, காவலுடைய தனிச் சிறுவீட்டைக் கொடுத்து, சமையலுக்குரிய காய்களும் அரிசியும் கலங்களும் அளித்து, தன் மகள் ஐயையையும் துணைக்கு வைக்கிறாள். பின்னர் நிகழ்ந்தது யாவரும் அறிந்ததே. அடைக்கலப் பொருளைக் காக்கவியலாமற்போன மாதரி தீயிற் புகுந்த செய்தியை நீர்ப்படைக் காதையில் மாடலன் கூறக் கேட்கிறோம். இடங் கொடுத்தவளின் கடமைக்கு இதனினும் உயர்ந்த எல்லை இருத்தல் அரிது. ஆயினும் இங்கு ஒன்று கருதற்பாலது. மாதரி காத்தது தன் அறத்தை. கண்ணகிக்கு அவ்வீட்டில் இருக்கும் உரிமை என ஒன்று எங்கும் பேசப்படவில்லை. பேசப்பட வேண்டிய தேவையும் அக்கதையில் இல்லை. அடைக்கலம் கொடுப்பவரின் பெருமையைப் பாடும் மரபு நம்மிடம் வளமாக உண்டு. பெறுபவர் கேட்டுப் பெறத்தக்கது யாது என்பதைப் பற்றி அம்மரபு பேசவில்லை.

இக்காலப் படைப்புகள் இந்நிலையை மாற்றினவா? அசோகமித்திரனின் 'தண்ணீர்' (1973) சென்னைத் தெருவொன்றில் குடத்தோடு அலையும் பெண்களின் கதை. அதில் வரும் சமுனா தன் வீடில்லாதவள். நீரும் நிம்மதியும் அவளுக்குப் பிறர் கையில் உள்ளவை. பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) வாடகை வீட்டைக் காலி செய்யும் நெருக்கடியில் தொடங்குகிறது. வேறு வீடு கிட்டாமல், வேலைக்குச் செல்லும் ஒரு பெண் கடன்பட்டுச் சொந்த வீடு கட்ட முற்படுகிறாள். செழியனின் 'டுலெட்' (2019இல் திரைக்கு வந்தது) 2007ஆம் ஆண்டின் சென்னையில் நிகழ்வது. தகவல் தொழில் நுட்பத் துறையின் ஊதியம் வாடகையை உயர்த்திவிட்ட நகரில், திரைத்துறையில் உழைக்கும் ஒருவன் மனைவி மகனோடு வீடு வீடாக ஏறி இறங்குகிறான். குலம், உணவு, தொழில் என வினாக்கள் தொடர்கின்றன. மூன்றும் உண்மை மிக்க படைப்புகள். 'டுலெட்'டின் அடக்கம் எமக்குத் தனிப்படப் பிடித்தமானது. எனினும் மூன்றிலும் வாடகைக் குடிக்கு விடிவு என ஒன்று இருக்குமாயின், அது சொந்த வீடு ஒன்றே. வாடகைக்கு இருந்துகொண்டே அஞ்சாது வாழ்தல் என்னும் நிலை கற்பனையின் எல்லைக்குள்ளும் வரவில்லை. விடுதலைக்கும் இல்லத்திற்கும் 'வீடு' என ஒரே சொல்லை வைத்துக்கொண்ட மொழியில் இது வியப்பன்று. பாலு மகேந்திராவின் படத்திலோ, கட்டிய மனையே நீர் வாரியத்தார் முன்னரே கைப்பற்றிய நிலம் என்று தெரியவர, அந்த வீடும் கைநழுவுகிறது.

இனி ஓசூர். ஊர்ப்பெயர் கன்னடத்திற் 'புதிய ஊர்' என்று பொருள்படும் 'ஹொச ஊரு' என்பதன் திரிபென்பர். பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவு. 1971இல் சிப்காட் நிறுவனம் தோன்றியபின் அப்பத்தாண்டிலேயே இங்குத் தொழிற்பேட்டை எழுந்தது. 1980 அளவில் அசோக் லேலண்டு, டி.வி.எஸ். ஆலைகளும், அப்பத்தாண்டின் பிற்பகுதியில் டைட்டன் கடிகார ஆலையும் இயங்கத் தொடங்கின. 2004இல் தருமபுரியிலிருந்து கிருட்டினகிரி தனி மாவட்டமாயிற்று. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அன்றைய நகராட்சி எல்லைக்குள் 1,16,821 பேர் இருந்தனர். 2019இல் ஊர் மாநகராட்சியாயிற்று. மின்னூர்தி ஆலை போச்சம்பள்ளிக்கும், மின்னணுப் பொருள் ஆலை தேன்கனிக்கோட்டை வட்டத்திற்கும் வந்தன. 2,000 ஏக்கரில் விமான நிலையம் அமையும் என்று 2024 சூன் திங்களில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. ஆலைக்கு நிலம், நீர், மின்சாரம், சாலை ஆகிய நான்கும் திட்டத்தோடு வந்தன. ஆலைக்குள் உழைப்போர் இரவில் எங்கே படுப்பர் என்பது நெடுங்காலம் எவருடைய திட்டத்திலும் முதலிடம் பெறவில்லை. மூக்கண்டப்பள்ளி, பேகேப்பள்ளி, சின்ன எலசகிரி, ஜூஜுவாடி முதலிய ஊர்கள் அப்பொறுப்பைத் தாமே ஏற்றன.

அவை ஏற்ற முறைக்கு 'லைன் வீடு' என்று பெயர். ஒரு நடைவழி, அதன் ஒருபுறமோ இருபுறமோ ஒற்றை அறைகளின் வரிசை, கோடியிற் பொதுக் கழிப்பறை, ஒரு தண்ணீர்த் தொட்டி. எல்லையின் அப்பாற் கன்னடத்தார் இவ்வகைக் குடியிருப்பை 'வடார' என்பர். சென்னையில் இதன் உறவினனுக்கு 'ஸ்டோர்' என்று பெயர். தென்மாவட்டங்களில் 'காம்பவுண்டு', 'வளவு'. தருமபுரி, திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து வந்த தமிழரும், ஒடிசா, பீகார், சார்க்கண்டு, அசாம் மாநிலத்தவரும் அடுத்தடுத்த அறைகளில் வாழ்கின்றனர். மாறுமுறைப் பணியால் ஒருவர் எழுந்த பாயில் மற்றொருவர் படுப்பதும் தொழில் நகரங்களுக்குப் புதிதன்று.

சொல்லாராய்ச்சியாளருக்கு இது நல்ல வேட்டைக்களம். தமிழர் 'வாடகை' என்பதைக் கன்னடத்தார் 'பாடிகெ' என்பர். இரண்டும் ஒரே வடமொழி வேரின. தெலுங்கர் 'அத்தெ' என்பர். உருது பேசுவோர் 'கிராயா' என்பர். முன்பணத்திற்கு மட்டும் நால்வர்க்கும் 'அட்வான்ஸ்' பொது. மாத வாடகையின்றி ஒரு பெருந்தொகையை ஒப்படைத்து இருப்பதைப் 'போக்கியம்' என்றும் 'லீஸ்' என்றும் வழங்குவர். இவற்றுள் எம் நெஞ்சில் நிற்பது பழைய 'குடிக்கூலி' தான். ஆலையிற் பெறுவதும் கூலி, அறைக்குக் கொடுப்பதும் கூலி. ஒரு கையில் வாங்கியது மறு கையால் வெளியேறுவதை அச்சொல் மறைக்காமற் காட்டுகிறது. 'வாடகை'யில் அவ்வெளிப்படை இல்லை.

வீட்டுக்காரரை ஒரே வண்ணத்தில் தீட்டிவிடுதல் எளிது, அது நேர்மையாகாது. கேழ்வரகும் காய்கறியும் விளைந்த நிலம் தொழிற்பேட்டைக்குச் சென்றபின், எஞ்சிய துண்டில் அறைவரிசை எழுப்பி அதன் வருவாயில் வாழும் முன்னாள் உழவரும் இங்கு உளர். நிலம் குடியிருப்பு மனைகளாக மாறும்போது உழவர் குடும்பம் சிதைவதைப் பெருமாள்முருகன் 'ஏறுவெயில்' (1991) நாவலில் எழுதினார். ஓசூர்ப் பக்கத்தில் அவ்வுழவரின் மக்களே வீட்டுக்காரராகவும் இருத்தல் கூடும். குடியிருப்போர், வீட்டுக்காரர் ஆகிய இருவரையும் அவ்விடத்தில் நிறுத்தியது ஆலையே என்பதை மறத்தலாகாது.

தொழில் நகரமும் வாடகைச் சட்டமும் உடன்பிறந்தவை என்பதற்கு உலக வரலாற்றிலும் சான்று உண்டு. 1915இல், முதல் உலகப் போரின்போது, கப்பல் கட்டும் தளங்களையும் படைக்கல ஆலைகளையும் நாடித் தொழிலாளர் குவிந்த கிளாசுகோ நகரில் வீட்டுக்காரர் வாடகையை உயர்த்தினர். மேரி பார்பர் முதலிய பெண்களின் தலைமையில் ஏறத்தாழ 20,000 குடிகள் உயர்ந்த வாடகையைத் தர மறுத்தனர். அவ்வாண்டு முடிவதற்குள் பிரித்தானியப் பாராளுமன்றம் வாடகையைப் போருக்கு முந்தைய, 1914 ஆகத்து மாத அளவிலேயே நிறுத்திச் சட்டம் செய்தது. சென்னை மாகாணத்தின் வாடகைக் கட்டுப்பாடும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941இல், ஆணை வடிவிற் பிறந்ததே.

நம் சட்டங்களின் பெயர்களை வரிசைப்படுத்தி நோக்கினால் ஒரு போக்குப் புலனாகும். 1921ஆம் ஆண்டின் நகரக் குடிகள் சட்டம், பிறர் மனையில் தாமே கட்டடம் எழுப்பியவர்களைப் பற்றியது. அதன் பெயரில் உள்ள சொல் 'பாதுகாப்பு'. 1960ஆம் ஆண்டின் கட்டடங்கள் சட்டத்தில் (18/1960) உள்ளது 'கட்டுப்பாடு'. 2017ஆம் ஆண்டின் சட்டத்தில் (42/2017) உள்ளவை 'உரிமைகள்', 'பொறுப்புகள்', 'ஒழுங்குமுறை'. பாதுகாப்பிலிருந்து கட்டுப்பாட்டிற்கும், கட்டுப்பாட்டிலிருந்து ஒழுங்கிற்கும் சொல் நகர்ந்துள்ளது. பெயரை வைத்தே தீர்ப்புக் கூறல் ஆகாதாகலின் உள்ளே நுழைவோம்.

1960ஆம் ஆண்டுச் சட்டம் 'நியாய வாடகை' என்னும் கருத்தின்மேல் நின்றது. குடியிருப்புக் கட்டடத்தின் மொத்த மதிப்பில் ஆண்டுக்கு 9 விழுக்காடு, பிற கட்டடத்திற்கு 12 விழுக்காடு என்று பின்னர் அதற்கு ஒரு கணக்கும் வகுக்கப்பட்டது. ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்குதல் ஆகாது என்றது அதன் 7ஆம் பிரிவு. மாத வாடகை 400 ரூபாய்க்கு மேற்பட்ட குடியிருப்புகளுக்குப் பாதுகாப்பில்லை என்றிருந்த விதியை உச்ச நீதிமன்றம் 1986இல் செல்லாததாக்கிற்று. இச்சட்டத்தால் தீமையும் விளைந்தது. வழக்குகள் ஆண்டுக் கணக்கில் இழுத்தன; வீட்டைக் கொடுத்தால் மீளாது என்று அஞ்சிப் பூட்டி வைத்தாரும் உண்டு. பதினொரு மாத ஒப்பந்தம் என்னும் விந்தையோ வேறொரு வழியில் வந்தது. ஓராண்டுக் குத்தகையாயின் பதிவு செய்ய வேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் கூறுதலின், ஒரு திங்களைக் குறைத்து எழுதி அச்செலவைத் தவிர்த்தனர். பன்னிரு திங்கள் கொண்ட ஆண்டு வாடகைக் குடிக்கு மட்டும் பதினொன்றாகச் சுருங்கிற்று.

2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் பழைய சட்டத்தை நீக்கியது. நியாய வாடகை மறைந்தது. வாடகை என்பது இருவரும் ஒத்துக்கொண்ட தொகை என்றாயிற்று. முன்பணம் மூன்று மாத வாடகையைக் கடத்தலாகாது என்பது பொது விதி. பத்து மாத முன்பணம் கேட்கும் வழக்கம் வேரூன்றிய பெங்களூரின் பக்கத்தில் இவ்விதி எத்துணைப் பேருக்கு எட்டியது என்பதை ஓசூர்த் தெருக்களில் நடப்பார் அறிவர். குடிநீரையும் மின்சாரத்தையும் நிறுத்துதல் குற்றம் என்றது நல்லதொரு விதி. துணை ஆட்சியர் நிலையினர் வாடகை அதிகாரியாகவும், அவர்க்கு மேல் வாடகை நீதிமன்றமும் தீர்ப்பாயமும் அமைந்தன.

ஆனால் இச்சட்டத்தின் உயிர்நாடி வேறோரிடத்தில் உளது. எல்லா வாடகை உறவும் எழுத்திலமைதல் வேண்டும். அவ்வெழுத்து அதிகாரியிடம் பதிவாதல் வேண்டும். பதிவாகாத ஆவணம் சான்றாகாது. இதுவரை குறைகாண ஒன்றுமில்லை. 21ஆம் பிரிவு, குடியை வெளியேற்றுதற்குரிய காரணங்களை வகுக்கிறது. அவற்றுள் முதலாவதாக நிற்பது யாதெனின், சட்டம் வருமுன் தொடங்கிய வாடகை உறவில் வீட்டுக்காரரும் குடியும் எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியமை.

இத்தொடரை இலக்கணக் கண்கொண்டு நோக்குக. 'தவறியமை' என்னும் வினைக்கு எழுவாய் இருவர். வினைமுதல் உம்மையால் இணைக்கப்பட்டுள்ளது. பயன் மட்டும் ஒருவர்மேற் செல்கிறது. ஒப்பந்தம் எழுத மறுத்தவர் வீட்டுக்காரரே ஆயினும், எழுத்தில்லை என்னும் நிலையைக் காட்டிக் குடியை வெளியேற்றுமாறு அவரே வழக்கிடலாம். தவறியது யார் என்று இத்தொடர் கேட்கவில்லை. இருவர் செய்த பிழைக்கு ஒருவர் வீட்டை இழப்பது சொற்புணர்ப்பிலேயே நேர்ந்துவிடுகிறது. சட்டம் இயற்றினோர் இதனை வேண்டுமென்றே செய்தனர் என்று யாம் கூறவில்லை. நீண்ட நாள் வாய்மொழிக் குடிகளை எழுத்துக்குக் கொணர்வதற்கு ஒரு தூண்டுதலாகவே இதனை அமைத்திருத்தல் கூடும். ஆயினும் நூலின் பொருளை நூலாசிரியர் கருத்தினின்றும் வேறாகக் காணுதல் திறனாய்வின் முதற்பாடம்.

லைன் வீட்டில் ஒப்பந்தம் பெரும்பாலும் வாய்மொழி. சாவி கைமாறும், முன்பணம் கைமாறும், வேறொன்றும் இல்லை. எழுதப்படும் இடத்திலும் முத்திரைத்தாளில் ஆங்கிலத்திலோ தமிழிலோ தட்டச்சிட்ட ஒரு வாய்பாடு நீட்டப்படும். ஒடிசாவிலிருந்து வந்த இளைஞன் தன்னால் ஓர் எழுத்தும் படிக்கவியலாத தாளில் ஒப்பமிடுகிறான். ஓர் ஆவணத்தின் பொருளில் ஐயம் எழுந்தால் அதனை எழுதியவர்க்கு எதிராகவே பொருள் கொள்க என்பது ஒப்பந்தச் சட்டத்தின் பழைய நெறி. எழுதுகோல் எவர் கையில் இருந்ததோ அவரே தெளிவுக்குப் பொறுப்பு என்பது அதன் அடிப்படை. அந்நெறியை ஓரடி நீட்டினால், எழுதுவதற்கு வாய்ப்பிருந்தும் எழுதாது விட்டவர்க்கு எதிராகவே எழுத்தின்மையையும் பொருள் கொள்ளல் வேண்டும். எம் வாதத்தின் நடு இதுவே.

எல்லையின் அப்பாலும் நிலைமை சிறந்ததென்று கூறுதற்கில்லை. 1999ஆம் ஆண்டின் கருநாடக வாடகைச் சட்டம் பெங்களூர் போன்ற நகரங்களில் மாத வாடகை 3,500 ரூபாய்க்கும், பிற இடங்களில் 2,000 ரூபாய்க்கும் மேற்பட்ட குடியிருப்புகளைத் தொடுவதில்லை. இன்று அத்தொகைக்குள் அறை காண்பது அரிதாகலின் அச்சட்டம் பெரும்பாலார்க்குப் பெயரளவில் உளது. ஓசூரில் வேலை, அத்திப்பள்ளியில் அறை என்று வாழ்வார் ஒரே நாளில் இரண்டு சட்டங்களுக்கிடையே நடந்து மீள்கின்றனர்.

எனினும் கருநாடகத்திலிருந்து நாம் கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. அங்கு 2023இல் வீடுகளுக்கு மாதம் 200 யூனிட் வரை கட்டணமில்லா மின்சாரம் வழங்கும் திட்டம் வந்தபோது, வாடகைக்கு இருப்போரும் அதற்குரியர் என்று அரசு தெளிவுபடுத்திற்று. குடியிருப்பவன் தன் பெயரால் அரசின் முன் நின்று, நான் இவ்வீட்டில் வாழ்கிறேன் என்று கூற இடம் கிடைத்தது. தமிழ்நாட்டில் 2016 முதல் இரு திங்களுக்கு 100 யூனிட் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. அது இணைப்புக்கு உரிய சலுகை. ஓர் இணைப்பின்கீழ்ப் பத்து அறைகளும் அவற்றுக்குத் துணை மீட்டர்களும் இருக்கும் லைன் வீட்டில், வீட்டுக்காரர் வைத்த விலையே மின்சாரத்தின் விலை.

விடுதிகளைப் பற்றியும் ஒரு சொல். பெண் தொழிலாளர் பலர் லைன் வீட்டிலும் இல்லை. ஆலைகளே நடத்தும் பெருவிடுதிகளில் உள்ளனர். ஒரு நிறுவனம் வேலை ஒப்பந்தத்தின் பகுதியாகத் தன் ஊழியர்க்கு அளிக்கும் இருப்பிடத்திற்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது. வேலை போனால் படுக்கையும் போகும். 2025 நவம்பரில் ஓசூர்ப் பகுதியில் ஆலைப் பெண்கள் விடுதியொன்றின் குளியலறையில் மறைவுப் படக்கருவி இருந்தமை தெரியவர, பெண்கள் பெருந்திரளாகக் கூடிப் போராடினர். தாம் வாழும் இடம் தமக்குரியது என்னும் உணர்வே அக்கூட்டத்தை வெளியே கொணர்ந்தது என்று யாம் கருதுகிறோம். அவ்வுணர்வுக்கு ஏற்ற சட்டச் சொல் இன்னும் இல்லை. 1979ஆம் ஆண்டின் மாநிலம் விட்டு மாநிலம் பெயரும் தொழிலாளர் சட்டம், தக்க உறையுள் அளித்தல் ஒப்பந்தக்காரரின் கடன் என்றது. அச்சட்டம் 2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் தொகுப்பினுட் கரைந்தது. திருப்பெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் 18,720 பெண்களுக்கான குடியிருப்பை 2024இல் சிப்காட் அமைத்தது வரவேற்கத்தக்கது. பணிபுரியும் மகளிர்க்கு அரசு நடத்தும் விடுதிகளுக்குத் 'தோழி' என்று பெயரிட்டுள்ளனர். சங்கப் பாடல் பயின்ற எவரோ பெயரிட்டிருத்தல் வேண்டும். அகத்திணைத் தோழி தலைவிக்காகப் பேசுபவள், செவிலியை எதிர்த்தும் பேசுபவள். விடுதி விதிகளை எழுதுவோர் இப்பண்பை நினைவிற் கொள்வாராக.

செய்யத்தக்கன சிலவற்றைச் சுட்டலாம். 21ஆம் பிரிவின் முதற் காரணத்தைத் திருத்தி, எழுத்தின்மைக்குக் காரணமானவர் யார் என்னும் வினாவை அதனுட் புகுத்துதல் வேண்டும். அதுவரை எழுத்தில்லாக் குடி இருந்துவரும் வாடகைக்கே இருக்க உரியது என்று கொள்ளல் தகும். இக்காலத்தில் வாடகை பெரும்பாலும் கைப்பேசி வழியே செலுத்தப்படுதலின், மாதந்தோறும் ஒருவர்க்கே சென்ற தொகையின் பதிவை வாடகை உறவிற்குச் சான்றாக ஏற்பதில் இடரொன்றுமில்லை. ஓசூர் போன்ற எல்லை ஊர்களில் ஒப்பந்தம் ஒருபுறம் தமிழிலும் எதிர்ப்புறம் குடியின் மொழியிலும் அமைதல் வேண்டும். கன்னடம், தெலுங்கு, இந்தி, ஒடியா, வங்காளம், அசாமியம் ஆகிய ஆறு மொழிகளில் மாதிரிப் படிவம் இருந்தால் பெரும்பகுதி நிறைவுறும்.

இம்மாதிரிப் படிவத்தைச் செய்தல் வழக்கறிஞர் பணி மட்டுமன்று. 'வாடகை', 'பாடிகெ', 'அத்தெ', 'கிராயா' என்பவற்றுக்கிடையே பொருளெல்லை எங்கெங்கு வேறுபடுகிறது, 'போக்கியம்' என்று ஒருவர் கூறியதை மற்றவர் 'லீஸ்' என்று கொள்ளும்போது எப்பொருள் நழுவுகிறது, 'காலி செய்' என்பது ஒரு மாதக் கெடுவா ஒரு நாட் கெடுவா என்பனவற்றைக் கேட்டுத் தொகுப்பது மொழித்துறை முதுகலை மாணவர் செய்யத்தக்க கள ஆய்வு. ஜூஜுவாடிச் சாவடியிலிருந்து சூளகிரி வரையில் நெடுஞ்சாலையின் இருமருங்கும் உள்ள ஊர்களை எடுத்துக்கொள்ளலாம். வினாநிரலை இரவுப் பணி முடிந்து மக்கள் அறைக்குத் திரும்பும் காலை வேளைக்கு ஏற்ப வகுத்தல் நலம்; மற்ற நேரங்களில் கதவு பூட்டியிருக்கும், அல்லது உள்ளே உறங்குவார்.